வெள்ளிக்கிழமை மதியம் (கடிதம்)

அன்புள்ள சார்,

நான் கிண்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து இருக்கையில் ஒரு முஸ்லிம் நண்பர். வெள்ளிக்கிழமை மட்டும் பன்னிரண்டரைக்கு எழுந்து போவார், இரண்டு மணிக்குள் திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். அங்கே என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்டதில்லை. தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று ஒரு தயக்கம். முஸ்லிம்களைப் பற்றி நான் படிப்பதெல்லாம் ஒன்று ரம்ஜான், பக்ரீத் பற்றி இருக்கிறது, இல்லாவிட்டால் ஏதாவது பிரச்சினை பற்றி இருக்கிறது. ஒன்றும் விசேஷமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கு எப்படிப் போகும்? எங்கள் ஞாயிறு மாதிரியா? பெண்கள் என்ன செய்வார்கள்? வெளி ஆள் உள்ளே வந்து பார்க்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஆலந்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

விசேஷமில்லாத வெள்ளிக்கிழமை என்று கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி. பெருநாள் பிரியாணியைப் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர். சாதாரண நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கை பெரும்பாலும் சாதாரண நாட்களில்தானே போகிறது.

முதலில் ஞாயிறு விஷயம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள் இல்லை. வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகையை ஜும்ஆ என்போம். குர்ஆனின் 62-வது அத்தியாயத்துக்கே அந்தப் பெயர்தான். அதில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஜும்ஆ நாளில் தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு இறைவனை நினைக்க விரைந்து வாருங்கள் என்கிறது 9-வது வசனம். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடிக்கொள்ளுங்கள் என்கிறது 10-வது. அதாவது கடையை மூடு, வந்து தொழு, போய்க் கடையைத் திற. மண்ணடியில் இதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூரைச் சுற்றியுள்ள கடைகளில் ஷட்டர் பாதி இறங்கும், தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும்.

வெள்ளியை விடுமுறையாக வைப்பதும் வைக்காததும் அந்தந்த அரசு எடுக்கிற முடிவு. துருக்கி 1935-ல் வார விடுமுறையை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றியது. பாகிஸ்தானில் 1977-ல் வெள்ளி விடுமுறையானது, 1997-ல் மறுபடியும் ஞாயிறுக்கே போனது. அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறி, அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியை அரை நாளாக்கியது. எனக்கு இது வேலை நாளாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது. ஃபைலும் கணக்கும் போனும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் படைத்தவன் முன்னால் நிற்கிறோம். ஓய்வாக வீட்டில் இருந்துவிட்டுப் போவதை விட இதற்கு அர்த்தம் அதிகம் என்று நினைக்கிறேன்.

காலையில் செய்வது எல்லா முஸ்லிம் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நகம் வெட்டுவது, குளிப்பது, இருப்பதில் நல்ல சட்டையைப் போடுவது, அத்தர் தொட்டுக்கொள்வது. இவை எல்லாமே நபிவழி. எங்கள் வீட்டில் அம்மா விடிந்ததும் கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். குர்ஆனின் 18-வது அத்தியாயம் அது. 110 வசனங்கள், நிதானமாக ஓத அரை மணி நேரமாகும். அத்தா (அப்பா) இருந்தவரை வெள்ளிக்கிழமை கண்டிப்பாக ஆட்டுக்கறி இருக்கும். இப்போது கறி விற்கிற விலையில் பல வாரம் பருப்பும் முட்டையும்தான். அதையும் டிபனில் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறோம்.

பெண்களுக்கு ஜும்ஆ கடமை இல்லை. வீட்டில் வழக்கமான மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுகொள்வார்கள். கடமை இல்லையே தவிர, வரக்கூடாது என்பதில்லை. மக்காவிலும் மதீனாவிலும் பெண்கள் வந்து தொழுகிறார்கள். சென்னையிலும் சில பள்ளிவாசல்களில் தனி இடம் இருக்கிறது. பல பள்ளிகளில் இல்லை. இதை நான் குறையாகவே பார்க்கிறேன். வேலைக்குப் போகிற பெண், கடைத்தெருவில் நிற்கிற பெண், ஆஸ்பத்திரிக்கு வந்த பெண் எல்லாம் தொழுகை நேரத்தில் எங்கே போவார்கள்? பள்ளியை நடத்தும் எங்கள் ஜமாஅத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். இடம் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

சரி, பள்ளிக்கு வருவோம். சென்னையில் சூரியன் உச்சி சாய்வது, மாதத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 11:55-லிருந்து 12:25-க்குள். அதற்குப் பிறகுதான் ஜும்ஆவின் நேரம் தொடங்கும். தொழுகையை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் தானே முடிவு செய்கிறது. ஒன்றில் பன்னிரண்டே முக்கால், இன்னொன்றில் ஒன்றேகால், மற்றொன்றில் ஒன்றரை. ஆபீஸ் போகிறவர்கள் இந்த நேரங்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். மொழியும் ஒரு கணக்கு. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் பல பள்ளிகளில் பயான் என்கிற சொற்பொழிவு உருதுவில் நடக்கும். மண்ணடிப் பக்கம் தமிழ். நான் குடியிருப்பது திருவல்லிக்கேணி. விடுப்பு எடுத்த வெள்ளிகளில் வாலாஜா பெரிய பள்ளிக்குப் போவேன். 1795-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டியது, முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். அதில் பொறித்திருக்கும் பாரசீகக் கல்வெட்டை எழுதியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்ற இந்து. அதில் வரும் ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்ற சொற்களின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 1209 வரும். பள்ளி கட்டிய ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டு அது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

உள்ளே நடப்பது இதுதான். ஹவுள் எனப்படும் நீர்த்தொட்டியின் கரையில் வரிசையாக உட்கார்ந்து ஒளு செய்கிறோம். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள் எல்லாம் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, கடைசியில் கால்கள். ஆபீஸ் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, ஷூவுக்குள் சாக்ஸைத் திணித்துவிட்டு, அடையாள அட்டை தண்ணீரில் படாமல் இருக்க அதைச் சட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் யார் என்ன வேலை என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே கலர் டீ-ஷர்ட்டில் உணவு டெலிவரி பையன், காக்கிச் சட்டையில் ஆட்டோக்காரர், கட்டட வேலைக்கு பிகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். தொப்பி கொண்டு வராதவர்களுக்கு வாசலில் ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் தொப்பிகள் இருக்கும்.

முதலில் பயான், நமக்குப் புரிகிற மொழியில். வட்டி, வரதட்சணை, அண்டை வீட்டாரின் உரிமை, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, இப்படி ஏதாவது ஒன்று. நல்ல பேச்சாளர் கிடைத்தால் பத்து நிமிஷத்தில் உள்ளே ஏதோ ஒன்று அசையும். அப்புறம் தொழுகை நடத்தும் இமாம் மிம்பர் என்கிற மேடையில் ஏறி உட்காருவார், மோதினார் இரண்டாம் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்வார். குத்பா என்கிற உரை இரண்டு பகுதி, நடுவில் இமாம் ஒரு கணம் உட்கார்ந்து எழுவார். ஹனஃபி என்ற சட்ட மரபைப் பின்பற்றும் எங்கள் பள்ளிகளில் குத்பா அரபியில் இருக்கும். சில பள்ளிகளில் தமிழிலேயே சொல்கிறார்கள். குத்பா நடக்கும்போது பேசக்கூடாது. பேசுகிறவரைப் பார்த்து ‘சும்மா இரு’ என்று சொல்வதும் வீண்பேச்சுதான் என்று நபிமொழி இருக்கிறது. அதனால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மின்விசிறிச் சத்தமும் அந்த ஒரு குரலும்தான். பிறகு தோளோடு தோள் சேர்ந்து நின்று இரண்டு ரக்அத் (நின்று, குனிந்து, சிரம் தாழ்த்தும் ஒரு சுற்று ஒரு ரக்அத்) தொழுகை, ஆறேழு நிமிஷம். இடம் போதாத பள்ளிகளில் வெளியே பாய் விரித்து நிற்பார்கள். முடிந்ததும் சில வாரம் இறந்துபோன யாருடைய ஜனாஸாவாவது (உடல்) வந்திருக்கும், அதற்கும் நின்று தொழுதுவிட்டுக் கிளம்புவோம்.

உங்கள் ஆபீசில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மற்ற வேளைத் தொழுகைகளை ஒரு மூலையில் துண்டை விரித்துத் தனியாகத் தொழுதுவிடலாம். ஜும்ஆவைத் தனியாகத் தொழ முடியாது. ஹனஃபி முறையில் இமாமைத் தவிர மூன்று பேராவது வேண்டும், இன்னொரு மரபான ஷாஃபி முறையில் நாற்பது பேர். தவறவிட்டால் லுஹரைத்தான் தொழ முடியும், அந்த வார ஜும்ஆ போனது போனதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வாராந்திரக் கூட்டத்தை வெள்ளி ஒரு மணிக்கு வைத்தார்கள். “கூட்டம் முடிந்து நிதானமாகத் தொழுதுகொள்ளுங்களேன்” என்றார் மேலாளர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மற்ற தொழுகை மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொன்னதும் கூட்டம் மூன்று மணிக்கு மாறியது. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பான், மனசு பள்ளியில் இருக்கும். உங்களைப் போன்ற ஒருவர் அவனுக்காகச் சொன்னால் பெரிய உதவி.

வெளியே வரும்போது வாசலில் சில பெண்கள் கைக்குழந்தையோடு நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், கையில் தண்ணீர் பாட்டில். குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது, பயந்துகொண்டது என்பார்கள். தொழுதுவிட்டு வருகிற பெரியவர் நின்று, தாயின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரித்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிக் குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதுவார். அது கண்ணை மூடிச் சிலிர்க்கும். இது தேவையா என்று விவாதிப்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. எனக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. நம்பி வந்த தாயை வெறுங்கையோடு அனுப்பாத அந்தப் பெரியவரை எனக்குப் பிடிக்கும்.

இனி உங்கள் தயக்கம். நண்பரிடம் தாராளமாகக் கேளுங்கள். அவரும் இத்தனை நாளாக யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார், நான் அப்படித்தான் இருந்தேன். உள்ளே வருவதற்கும் பெரும்பாலான பள்ளிகளில் தடையில்லை. அவரோடு போவது நல்லது. கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், குத்பா தொடங்கியபின் போனால் நடுவில் புகுந்து இடம் தேட வேண்டியிருக்கும். சுத்தமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் ஓரமாக உட்காரலாம், நீங்கள் தொழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். போனை அணைத்துவிடுங்கள். போய் வந்தபின் எழுதுங்கள். பயானில் என்ன சொன்னார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.