எட்டு நாள் வெறும் கடல், அதற்கு 3 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். பென்ஷன் வருகிறது, எஃப்.டி.யில் 35 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. அக்டோபர் கடைசியில் பார்சிலோனாவிலிருந்து மியாமிக்கு 14 இரவு கப்பல் பயணம் போக ஆசை. பால்கனி அறைக்கு இருவருக்கும் சேர்த்து 3 லட்சம் கேட்கிறார்கள். நடுவில் எட்டு நாள் கரையே கிடையாது. "தண்ணியைப் பார்க்கவா இவ்வளவு பணம்? தினம் ஓர் ஊர் காட்டும் ஏழு நாள் மத்திய தரைக்கடல் பயணம் போங்கள்" என்கிறான் மகன். எது சரி?

பதில்: சும்மா உட்கார்ந்து கடலைப் பார்ப்பது உங்கள் இருவருக்கும் பிடிக்கும் என்றால் அந்த 14 இரவையே எடுங்கள். பணக் கணக்கிலும் அதுதான் மேல்.

கோடை முழுக்க மத்திய தரைக்கடலில் ஓடிய பல கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் போயாக வேண்டும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அட்லாண்டிக்கைக் கடந்தே தீர வேண்டும். இறங்கிப் பார்க்க ஊர்கள் குறைவு, பயணம் முடிவதோ வேறு கண்டத்தில், அதனால் பலர் வேண்டாம் என்று விடுகிறார்கள், ஓர் இரவுக்கான கட்டணமும் இறங்கிவிடுகிறது. நீங்கள் ஆசைப்படும் அந்த எட்டு நாள்தான் விலையைக் குறைக்கிறது.

மகன் சொல்லும் பயணத்தில் கரை இறங்கும் ஒவ்வொரு நாளும் தனிச் செலவு. ரோம் என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது சிவிதவேக்கியாவில். அங்கிருந்து ரயில், நுழைவுச் சீட்டு, வெளியே சாப்பாடு, மாலைக்குள் அரக்கப்பரக்கத் திரும்புவது. கடலிலேயே இருக்கும் நாளில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இரவு நிகழ்ச்சி எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். அப்புறம், மேற்கே போவதால் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், கூடுதலாகத் தூங்கலாம். இந்த வகைப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

பால்கனியை விட்டுவிடாதீர்கள். தினம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும், உங்களுக்குப் போதாது. மேற்கு நோக்கிப் போகும்போது கப்பலின் இடது பக்கம் தெற்கைப் பார்க்கும், வெயில் அங்கேதான். இடது பக்கம், கப்பலின் நடுப்பகுதி, முடிந்தவரை கீழ்த்தளம் என்று கேளுங்கள், ஆட்டமும் குறையும்.

பணம் கசிவது வேறு இடத்தில். ஊழியர்களுக்கான டிப்ஸ் பல கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறும், இருவருக்கும் 14 நாளைக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மது பேக்கேஜைப் பல நிறுவனங்கள் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்கின்றன, ஒருவர் குடிக்காதவர் என்றால் அது வேண்டவே வேண்டாம். கேசினோவும் கடைகளும் துறைமுகத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், நடுக்கடலில்தான் திறப்பார்கள், பொழுது போகாதவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். வைஃபைக்கும் தனிக் காசு, அதனால் படிக்கவும் பார்க்கவும் வேண்டியதை ஊரிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பல் மருத்துவர் பார்த்தால் பில் உங்களுக்குத்தான் வரும், உள்ளூர் மெடிக்ளைம் பாலிசி பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. கப்பல் பயணத்துக்கும் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும் செலவுக்கும் பொருந்தும் பாலிசியாகப் பார்த்து வாங்குங்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

விமானம், விசா, காப்பீடு, டிப்ஸ் சேர்த்து மொத்தம் 7 லட்சம் ஒதுக்குங்கள். பென்ஷனிலேயே வீட்டுச் செலவு ஓடி, மீதி 28 லட்சம் மருத்துவத்துக்குத் தொடாமல் இருக்கும் என்றால் தாராளமாகப் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஃப்.டி.யை உடைத்தால் வட்டி குறையும், அக்டோபருக்கு முன் முதிர்வதிலிருந்து எடுங்கள். ஏஜென்ட் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் டி.சி.எஸ். தொகையை வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு விசா வேண்டும், ஸ்பெயினுக்குள் நுழைய ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவும், இறங்குவதற்கு அமெரிக்க விசாவும். இப்போது முன்பணம் மட்டும் கட்டுங்கள், அது திரும்பி வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தைப் பொதுவாகக் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு கேட்பார்கள், அதற்குள் அமெரிக்க விசா கையில் இல்லையென்றால் கட்டாதீர்கள்.