வீடு தேடுவோர் கேள்விகள்: சென்னையும் புறநகரும்

கேள்வி (குரோம்பேட்டை): ஐயா, இரண்டு ஆண்டுகளாகத் தேடியும் வீடு அமையவில்லை. பிடித்த வீடுகள் எல்லாம் பத்திரத்தில் அடிபட்டுப் போகின்றன. நாங்கள் என்ன செய்வது?

பதில்: வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்து, எந்த அறை யாருக்கு என்று பிள்ளைகள் பிரித்துக்கொண்ட பிறகு பத்திரத்தைக் கேட்டால், அதிலுள்ள குறை கண்ணில் பட்டாலும் மனம் அதற்குச் சமாதானம் தேடத் தொடங்கிவிடும். தரகர் ஒரு வீட்டைச் சொன்னவுடனே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானப் பத்திரங்களின் பட்டியலைப் பாருங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. சர்வே எண்ணைச் சொல்லவே தயங்குபவரின் வீட்டுக்கு நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கேள்வி (வேளச்சேரி): பள்ளிக்கரணைப் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு வீடு மலிவாக வருகிறது. தெருவில் தண்ணீர் நிற்காது என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

பதில்: விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் துணி தேய்ப்பவரிடமும் கேளுங்கள். சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைப் புதுச் சுண்ணாம்பு மறைத்திருக்கலாம்; ஆனால் மின் மீட்டர் பெட்டியைப் பிற்பாடு மேலே ஏற்றியிருந்தால் அதுவே ஒரு சாட்சி. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். மூன்றாம் மாடி உங்களைக் காப்பாற்றும். கீழே நிற்கும் வண்டியையும், கழிவுநீர் கலந்துவிடக்கூடிய தரைத்தொட்டியையும் காப்பாற்றாது.

கேள்வி (ஆவடி): சமையலறை தென்கிழக்கில் இல்லை என்று மாமியார் மறுக்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: அது உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அம்மா. நாளை நீங்கள் விற்கும்போதும் இதே ஆட்சேபம் வரும் என்பதைச் சொல்லி, இப்போதே விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கேள்வி (தாம்பரம்): காலமான தந்தையின் பெயரில் உள்ள வீட்டை இரண்டு மகன்கள் விற்கிறார்கள். வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. மும்பையில் வசிக்கும் சகோதரியின் கையெழுத்து தேவையில்லை என்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. இந்துக் குடும்பத்தில் தந்தை தாம் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சமபங்கு உண்டு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் எதுவும் மாறாது. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத உயிலும், வாய்மொழியாகப் பேசிக்கொண்ட பாகப்பிரிவினையும் அதில் வராது. ஆகவே வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். "தங்கை எங்கள் பேச்சை மீறமாட்டாள்" என்ற உறுதிமொழியை இவர்களும் சொல்வார்கள். சொல்லட்டும், அந்தத் தங்கை பதிவு அலுவலகத்துக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர்): 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு. கையில் 20 லட்சம் இருக்கிறது. மீதி 60 லட்சத்துக்கு வங்கிக் கடன். போதுமா?

பதில்: போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம் என்பதால், கடன் தொகையில் சிக்கல் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 7.20 லட்சம் ஆகும். இதை வங்கி வீட்டின் மதிப்பில் சேர்க்காது, உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் 80 லட்சத்துக்குக் குறைத்து மதிப்பிட்டால் கடனும் குறையலாம். மேலும், விலை 50 லட்சத்தை எட்டிவிட்டதால், விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. மறந்தால் வட்டியும் உங்கள் தலையில் விழும். இன்னும் பத்து லட்சமாவது சேரும்வரை 70 லட்சத்துக்குள் தேடுங்கள்.