கிளட்ச் விட்டதும் வண்டி அணைகிறதா?

தேவகோட்டையில் கியர் பைக் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு நாளாகியும் கிளட்ச் விட்டதும் வண்டி அணைந்துவிடுகிறது, உரிமத் தேர்வுக்கு எட்டு வடிவில் ஓட்டிப் பழகும்போது காலைத் தரையில் ஊன்றிவிடுகிறேன் என்று வருந்தியிருக்கிறீர்கள் சகோதரி. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆக்சிலேட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சமதரையில் முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். வண்டி லேசாக முன்னே இழுக்கும் இடம் ஒன்று வரும். விரலை அங்கேயே நிறுத்துங்கள். முப்பது தடவை செய்தால் அந்த இடம் கைக்குத் தெரிந்துவிடும். எங்கள் கானாடுகாத்தான் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை, விடியற்காலையில் பழக அருமையானவை. ஹெல்மெட்டோடு, உரிமம் உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு போடும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல், திரும்பப்போகும் இடத்தைப் பாருங்கள். முன்பிரேக் வேண்டாம், பின்பிரேக் மட்டும். அப்புறம், எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) 6 மாதம் செல்லும், நிதானமாகவே பழகுங்கள்.