எஜெக்‌ஷன் சீட் வரையும் மகளுக்கு எந்தப் படிப்பு?

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

பிளஸ் 2 படிக்கும் மகளின் இயற்பியல் நோட்டைக் காட்டி, "இதெல்லாம் சோறு போடுமா, சார்?" என்று கேட்டீர்கள். போடும். அவள் வரைந்திருப்பது எஜெக்‌ஷன் சீட்: ஆபத்தில் போர் விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து உயிர் காக்கும் அமைப்பு. விமானியாகப் போகிறேன் என்பாளோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அவள் மனம் பொறியியலில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. (விமானியாகவே விரும்பினாலும் தவறில்லை. நம் விமானப்படையில் 2016 முதல் பெண் போர் விமானிகள் இருக்கிறார்கள்.)

விமானி கைப்பிடியை இழுத்ததும், தலைக்கு மேலுள்ள, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி வழிவிட வேண்டும். அவளுடைய வேதியியல் பாடம் இங்கேதான் உயிர் பெறுகிறது. அக்ரிலிக் மூடி என்றால், அதில் பதித்த மெல்லிய வெடிகயிறு அதை நொறுக்கிவிடும். அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தின் மூடி, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக். பறவை மோதினாலும் தாங்கும் அந்த உறுதியால் அதை நொறுக்குவது கடினம்; முழு மூடியையும் கழற்றி எறிய வேண்டியிருக்கிறது. அடுத்து வெடிமருந்தின் விசை இருக்கையை மேலே தள்ளும், ராக்கெட் உயர்த்தும், சிறிய பாராசூட் நிலைப்படுத்தும், பெரியது விரியும். எல்லாம் சில விநாடிகளில். விசை குறைந்தால் விமானத்தின் வால் மோதும். கூடினால் முதுகெலும்பு முறியும். இந்தக் கணக்கில் ஈர்க்கப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸின் இருக்கை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் தயாரிப்பு. மூடியை வெடித்துத் திறக்கும் அமைப்பை உருவாக்கியது புனேயின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம். இந்த வேலை இந்தியாவிலேயே இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் (விமானப் பொறியியல்) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் கட்-ஆஃப் மிக அதிகம். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிபெட், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராகக் கிண்டியில் இறங்கலாம். ஒரு நாள் அவளை அழைத்துச் சென்று காட்டுங்கள். மெக்கானிக்கல், கெமிக்கல் படித்தும் இந்தத் துறைக்குள் நுழையலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'ஏரோநாட்டிகல்' என்ற பெயருக்காகக் கடன் வாங்கி, ஆய்வகம் இல்லாத கல்லூரியில் சேர்க்காதீர்கள். பணம் கட்டும் முன் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், அந்தக் கல்லூரியை விருப்பப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.