இலையை யார் எண்ணுவது?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்காரரே சமையல், மேளம், போட்டோ எல்லாம் சேர்த்து பேக்கேஜ் பேசுகிறார். தனித்தனியாகப் பிடிக்கலாம் என்கிறான் தம்பி. எது நல்லது?
- வாசகி, திருச்சி

பதில்: ஓடியாட வீட்டில் இரண்டு பேர் இருந்தால் தம்பி சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் பேக்கேஜ் தப்பில்லை, ஆனால் சமையலை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாமல் நீங்களே நேரில் பேசுங்கள் அம்மா. ருசி பார்க்க என்று வீட்டுக்குக் கொண்டுவருகிற சாம்பாரை வைத்து முடிவு செய்யாதீர்கள், பத்துப் பேருக்கு வைப்பது வேறு, ஐந்நூறு பேருக்கு வைப்பது வேறு. அந்தச் சமையல்காரர் சமைக்கிற ஒரு கல்யாணத்துக்கு, அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது பந்தி நேரத்தில் போய் நில்லுங்கள். முதல் பந்தியில் எல்லோரும் நன்றாகத்தான் பரிமாறுவார்கள். மூன்றாவதில் ரசம் நீர்த்துப் போகிறதா, இரண்டாவது முறை சாதம் கேட்டவர் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாரா, அதைப் பாருங்கள்.

அப்புறம் இலைக் கணக்கு. என் பெரிய பெண் கல்யாணத்தில் 450 இலை பேசியிருந்தோம், பில் வந்தது 560-க்கு. கிழிந்த இலை, பரிமாறிய பையன்கள் சாப்பிட்ட இலை எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் யாரும் எண்ணவில்லை, என்ன பேச முடியும்? சின்னவள் கல்யாணத்தில் என் மைத்துனர் இலைக்கட்டு முழுவதையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்திக்குப் பந்தி எண்ணிக் கொடுத்தார். பந்தி முடிந்ததும் எண்ணிக்கையை நோட்டில் எழுதி, சமையல்காரரிடமே கையெழுத்து வாங்கினார். ஒரு ரூபாய்கூடத் தகராறு இல்லை. காலை டிபனுக்கும் முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் தனித்தனி ரேட், மளிகை யார் பொறுப்பு, வேலையாட்கள் சாப்பாடு யார் கணக்கு, இவை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தாளில் இருக்க வேண்டும்.

மண்டபத்தில் நுழைந்ததும் கரண்ட் மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெனரேட்டர் டீசலும் பாத்திர வாடகையும் வாடகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். மேளக்காரரிடம் "நீங்களே வாசிப்பீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனென்றால் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு இடம் ஒப்புக்கொண்டு வேறு செட்டை அனுப்புகிறவர்கள் உண்டு. ஆடி மாதத்தில் இவர்களுக்கெல்லாம் வேலை குறைவு, உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார்கள். ஆவணி பிறந்துவிட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: கல்யாணம் முடிந்து எட்டு மாதம். போட்டோகிராபருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன், ஆல்பம் வரவில்லை. கேட்டால், படங்கள் தனக்குத்தான் சொந்தம் என்கிறார்.
- வாசகர், மதுரை

பதில்: முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்ததுதான் சிக்கல் தம்பி. ஆல்பம் கைக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு பயப்பட வேண்டாம். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதனால் அவர் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, இத்தனை நாளில் தர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டுடியோவுக்குப் போங்கள். எடிட் செய்யாத படங்களையாவது ஏற்றி வாங்கிவிடுங்கள். ஆல்பம் நான்கு மாதம் கழித்து வந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அவர் அழித்துவிட்டால் அந்தத் தாலி கட்டுகிற படத்துக்கு எங்கே போவீர்கள்?