ஒத்திகையில் பேசுதல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் பதினோராம் வகுப்பு மாணவி. பள்ளிச் செயல்திட்டமாக நாங்கள் ஏழு பேர் ஒரு நாடகம் தயாரிக்கிறோம். இயக்கும் பொறுப்பு என்னுடையது. வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுவதும் பேசுகிறோம். ஆனாலும் ஒத்திகைக்கு ஒருவர் பழைய வசனத்தையும் இன்னொருவர் புதிய வசனத்தையும் மனப்பாடம் செய்து வருகிறார்கள். திருத்தம் சொன்னால் நண்பர்கள் வருந்துகிறார்கள். ஒரு தோழி எந்த விவாதத்திலும் வாய் திறப்பதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் குழுவில் பேச்சுக்குக் குறைவில்லை. பேசியவற்றுள் எது முடிவானது என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. 1897 ஜூன் மாதம் ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நாடகாசிரியர் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோ உணவகம் ஒன்றில் சந்தித்து ஏறத்தாழ 18 மணி நேரம் பேசினார்கள்; மறு ஆண்டு தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம் அந்தச் சந்திப்பில் உருக்கொண்டது. நாடகப் பிரதியைப் பற்றிய முடிவு நெமிரோவிச்சுக்கும், மேடையாக்கம் பற்றிய முடிவு ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கும் உரியது என்று அவர்கள் அன்றே எழுத்தில் பதிந்துகொண்டதை, அத்தனை மணி நேரப் பேச்சைவிடவும் நான் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் குழுவிலும் வசனத்தை மாற்றும் உரிமை யாருக்கு, மேடை நகர்வை முடிவுசெய்பவர் யார் என்பதை அடுத்த ஒத்திகைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

தொழில்முறை அரங்குகளில் மேடை நிர்வாகியிடம் ஒரு மூலப்பிரதி இருக்கும். நடிகர்களின் நகர்வு, விளக்கு மாறும் இடம், ஒலி எழும் தருணம் ஆகிய அனைத்தும் அதில் குறிக்கப்படும். ஒத்திகைக்காலத்தில் எதுவும் மாறலாம் என்பதால் பென்சிலால் எழுதுவதே வழக்கம். அத்தகைய பிரதி ஒன்றை நீங்களும் வைத்துக்கொண்டு, அதில் ஏறாத மாற்றம் மாற்றமே அல்ல என்று அனைவரும் ஒப்புக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒத்திகை நேரத்தையும், திருத்திய பக்கத்தின் தேதியிட்ட படத்தையும் மட்டும் பகிர்ந்தால் போதும்.

திருத்தம் சொல்வதுதான் இவற்றுள் கடினமானது. "உன் நடிப்பில் உயிரில்லை" என்று கேட்பவர் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது. அவருக்கு மிஞ்சுவது வருத்தம் மட்டுமே. "மூன்றாம் காட்சியில் கதவு திறப்பதற்கு முன்பே திரும்பிவிட்டாய், வருபவர் யாரென்று உனக்கு ஏற்கெனவே தெரியும் எனப் பார்வையாளர்கள் நினைத்துவிடுவார்கள்" என்று சொன்னால், மறுமுறை எதை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகும். வசனத்துக்கு வசனம் குறுக்கிடாமல், காட்சி முடியும்வரை குறித்துக்கொண்டு பின்னர் சொல்லுங்கள். நீங்களே நடித்துக் காட்டி அதைப் பின்பற்றச் சொல்வதைத் தவிருங்கள். அது நடிப்பவரின் தேடலைப் பறித்துவிடும். ஒரு நடிகர் இன்னொரு நடிகருக்கு நேரடியாகத் திருத்தம் சொல்ல வேண்டாம் என்பதும் அரங்கில் பலகாலமாக மதிக்கப்படும் மரபு. எவருடைய கருத்தாயினும் உங்கள் வழியாகவே செல்லட்டும்.

உங்கள் தோழியின் மௌனத்தை அக்கறையின்மை என்று எண்ணிவிடாதீர்கள். கூடிப் பேசும் இடங்களில் விரைந்து பேசுபவர்களுக்கே வாய்ப்புக் கிடைக்கிறது; யோசித்துப் பேசுபவர் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறிடம் சென்றுவிடுகிறது. அவருக்குக் காட்சி இல்லாத நேரத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, எந்தச் சொல் கேட்கவில்லை, எந்த இடம் புரியவில்லை என்று எழுதித் தர இயலுமா என முதலில் தனியாகக் கேளுங்கள். அவர் இசைந்தால், அன்றைய கலந்துரையாடலை அவருடைய குறிப்புகளை வாசித்துத் தொடங்குங்கள்.