எடை கூடினால் தோலில் புற்று வருமா?

கேள்வி: வயது 48, எடை 92 கிலோ. பருமனால் பல புற்றுநோய்கள் வரும் என்கிறார்கள். தோலிலும் வருமா?
(வாசகர், மதுரை)

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களைச் சொன்னது. அதில் தோல் புற்று இல்லை. ஆனால் சுவீடனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரிடம், செய்யாத பருமனானவர்களைவிட மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று) பாதிக்கும் குறைவாகவே வந்தது. இன்னொரு வகையான பேசல் செல் புற்று பருமனானவர்களுக்குக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதற்காகக் கொழுப்பு காப்பாற்றுகிறது என்று எண்ண வேண்டாம். பருமனானவர்கள் வெயிலில் உடலைக் காட்டுவது குறைவாக இருக்கலாம். தவிர, ஆய்வுகளில் பருமனை அளக்கும் பிஎம்ஐ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்றுதான் கணக்கிடும், கொழுப்பையும் தசையையும் பிரிக்காது.

இவை பெரும்பாலும் வெள்ளைத் தோலினரிடம் செய்த ஆய்வுகள். நம்மவர்களுக்கு மெலனோமா அதிகம் வருவது உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். தொப்பை இருந்தால் உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாது. தரையில் கண்ணாடி வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். வளரும் கரும்புள்ளி, அகலமாகும் நகக்கோடு, நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவும் கருமை கண்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பின்கழுத்து கறுத்து, தடித்துவிட்டது. புற்றா?
(வாசகி, சேலம்)

பதில்: இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்துக் குளித்தால் போகாது. சர்க்கரை பாருங்கள், எடையைக் குறையுங்கள். ஒல்லியான முதியவருக்கு இது திடீரென வந்தால் மட்டும் வயிற்றுப் புற்றுக்கும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: அம்மா பருமனானவர். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் ஐந்து மாதமாகப் புண் ஆறவில்லை.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: தள்ளிப்போடாதீர்கள். தினமும் அதே இடத்தில் உராய்வும் வியர்வையும் சேர்ந்து, புண் ஆறுவதும் கிழிவதுமாக வருடக்கணக்கில் நீடித்தால் ஸ்குவாமஸ் செல் புற்றாக (தோலின் மேலடுக்கில் வரும் புற்று) மாறலாம். வேட்டி கட்டும் இடுப்பில் வரும் புற்றை 1945-லேயே மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். 2024-ல் வெளியான அறிக்கையில், 70 வயதுப் பெண்ணுக்கு 18 மாதம் ஆறாத இடுப்புப் புண் புற்றாக முடிந்திருந்தது. மடிந்த சதையில் நாடா இன்னும் ஆழமாகப் பதியும்.

நாடாவை விட்டு அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வீட்டில் நைட்டி போதும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போடாதீர்கள். நான்கு வாரத்தில் ஆறாத புண்ணுக்குத் திசுப் பரிசோதனை வேண்டும். நடுவில் செத்த திசுதான் இருக்கும் என்பதால் விளிம்பிலிருந்தும் எடுக்க வேண்டும். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தும் புண் ஆறாவிட்டால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.